கடற்கரைப் பங்கில் புதிதாகக் குடியேறுகிறவருக்கு: பதிவு, வரி, காணிக்கை, ரசீது

வேலை மாற்றலில் திருச்சியிலிருந்து ராமநாதபுரம் கடற்கரைக்கு வந்தபோது, ஞாயிறு தவறாமல் கத்தோலிக்கக் கோயில் பூசைக்குப் போனால் போதும், அந்தப் பங்கின், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த மக்கள் வட்டத்தின், ஆளாகிவிடலாம் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருஷம் அப்படியே ஓடிற்று. உண்டியலில் போட்டேன், திருவிழாவுக்குக் கொடுத்தேன், அசனத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மகளைப் புதுநன்மை (முதல்முறை நற்கருணை வாங்குவது) வகுப்பில் சேர்க்கப் போன அன்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "குடும்ப அட்டை எங்க சார்?" பங்கில் பதிந்து வாங்கும் அந்த அட்டை என்னிடம் இல்லை. எந்த அன்பியம், அதாவது பங்கின் எந்தத் தெருக் குழு, என்று கேட்டார், தெரியவில்லை. கொடுத்த பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டும் கையில் இல்லை. பிள்ளை அந்த வருஷம் புதுநன்மை வாங்கவில்லை.

நேரம், திறமை, பொருள் எல்லாம் கடவுள் ஒப்படைத்தது, நாம் வெறும் பொறுப்பாளர்கள் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். சரிதான். ஆனால் லூக்கா நற்செய்தியில் வருகிற வீட்டுப் பொறுப்பாளரிடம் முதலாளி முதலில் கேட்டது கணக்குத்தான். கொடுக்கிறவருக்கும் ஒரு வரிசை உண்டு, அது தவறினால் மனசும் கெடும், பணமும் போகும். நான் தலைகீழாகச் செய்தேன். நீங்கள் இப்படிச் செய்யுங்கள்.

1. உங்கள் பங்கு எது என்று முதலில் கேளுங்கள்

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோயில் உங்கள் பங்குக் கோயிலாக இருக்க வேண்டியதில்லை. ராமநாதபுரம், சிவகங்கை இரண்டு மாவட்டங்களும் 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தில் வருகின்றன. அதற்குள் ஒவ்வொரு பங்குக்கும் எல்லை உண்டு, ஒரு பங்கின் கீழே சில கிளைக் கிராமங்களும் இருக்கும். கடலோரத்தில் குடியிருப்புக்கு ஒரு சிற்றாலயம் நிற்கும். அங்கே மாதத்தில் ஒன்றிரண்டு பூசைதான் நடக்கும். பதிவேடுகள் இருப்பது தலைமைக் கோயிலில். நான் ஆறு மாதம் கிளைக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் பதிவு பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். அவரும் "பாத்துக்கலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கையில் பதிவேடே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பங்குத்தந்தையான சாமியாரைப் பார்க்க ஞாயிறு போகாதீர்கள். பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கிளைக்கு ஓடுவார். செவ்வாய் அந்தோணியார் நவநாள், புதன் சகாய மாதா நவநாள் என்றால் அந்த மாலைகளிலும் கூட்டம்தான். திங்கள் சில இடங்களில் ஓய்வு நாள். வியாழன் அல்லது வெள்ளி காலைப் பூசை முடிந்த கையோடு போனால் உட்கார்ந்து பேசலாம். மாதத்தின் முதல் வெள்ளி மட்டும் வேண்டாம், நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கப் போய்விடுவார். பெரியவர்கள் "சாமி" என்பார்கள், நம் வயதுக்காரர்கள் "ஃபாதர்" என்பார்கள். இரண்டும் சரி.

2. காகிதங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே தொடங்குங்கள்.

பழைய பங்கிலிருந்து ஒரு மாற்றுக் கடிதம் வேண்டும். இன்ன குடும்பம், இத்தனை பேர், வரிப் பாக்கி இல்லை என்று பங்குத்தந்தை கையெழுத்தும் முத்திரையும் போட்டது. பழைய குடும்ப அட்டை இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) ஆகியிருந்தால் அதன் விவரம், கணவன் மனைவிக்குத் திருமணப் பதிவின் நகல். ஆதார் நகலும் குடும்பப் படம் ஒன்றும் பல இடங்களில் கேட்கிறார்கள்.

ஞானஸ்நானச் சான்றில் ஒரு சங்கதி இருக்கிறது. ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் ஆயிற்றோ அந்தப் பதிவேட்டில்தான் உறுதிபூசுதலும் திருமணமும் பிறகு ஓரத்தில் குறிக்கப்படும். அதனால் நீங்கள் எத்தனை ஊர் மாறினாலும் சான்று வாங்க முதல் கோயிலுக்குத்தான் போக வேண்டும். கல்யாணத்துக்கு என்றால் பழைய சான்று செல்லாது. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள், ஏனென்றால் ஓரக் குறிப்பில் முந்தைய திருமணம் ஏதும் இல்லை என்று பார்க்க வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை (கோயிலில் கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், கல்யாணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே கடிதம் எழுதிவிடுவது நல்லது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பெயர் எழுத்துகளைச் சரிபாருங்கள். சான்றில் சூசைமாணிக்கம், ஆதாரில் ஜோசப் மாணிக்கம் என்றிருந்தால் இரண்டும் ஒருவரே என்று பழைய பங்கிலிருந்தே எழுதி வாங்கிவிடுங்கள். எனக்கு இந்த ஒரு வேலைக்கு மட்டும் திருச்சிக்கு இரண்டு தடவை பேருந்துக் கட்டணம் ஆயிற்று. சான்றுக்குக் கோயிலில் வாங்குவது சிறு தொகைதான், அலைச்சல்தான் பெரிய செலவு.

3. அன்பியத்தில் சேருங்கள், அதுதான் வாசல்

பங்கில் பெயர் ஏறியதும் உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று கேளுங்கள். இருபது முப்பது வீடுகள் சேர்ந்தது ஓர் அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள். செபமாலை, விவிலிய வாசிப்பு, அப்புறம் தேநீர். யாருக்கு உடம்பு முடியவில்லை, எந்த வீட்டில் படகு இன்னும் வரவில்லை என்கிற செய்தி எல்லாம் இங்கேதான் தெரியும்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது நான் நாற்காலி தேடினேன். எல்லோரும் பாயில் இருந்தார்கள். அன்பியப் பொறுப்பாளரான அக்கா, "உக்காருங்க சார், இது நம்ம வீடுதான்" என்று பாயில் இடம் காட்டினார். அடுத்த மாதம் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டேன். நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. இருபத்தைந்து பேருக்குத் தேநீரும் சுண்டலும் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதற்கு முந்தின இரண்டு வருஷத்தில் கொடுத்த பணமெல்லாம் வாங்கித் தராத அறிமுகம் அந்த ஒரு மாலையில் கிடைத்தது.

4. ஊர் வரி வேறு, பங்கு வரி வேறு

கடற்கரை ஊர்களில் வெளியூர்க்காரர் தடுக்கி விழுகிற இடம் இது. ஊர் முழுக்கக் கத்தோலிக்கர் என்றால் ஊர்க் கமிட்டியும் கோயிலும் ஒன்றாகவே தெரியும். ஆனால் இரண்டும் வேறு.

ஊர் வரி தலைக்கட்டுக்கு. பரம்பரையாக அந்த ஊரில் இருப்பவர்களின் குடும்பக் கணக்கு அது. ஊர்த் திருவிழா, ஊர்க் கூட்டம், சில இடங்களில் கல்லறையில் இடம், எல்லாம் அதோடு ஒட்டிவரும். வாடகைக்கு இருக்கும் நம்மைத் தலைக்கட்டில் சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவில்லை என்று வருத்தப்படவும் வேண்டாம். பங்கு வரி அல்லது சந்தா என்பது பதிவுள்ள ஒவ்வொரு குடும்பமும் மாதாமாதம் கட்டுவது. எங்கள் பங்கில் குடும்பத்துக்கு மாதம் ரூ.100. சம்பளக்காரர் ஒரு நாள் சம்பளம் கொடுத்தால் நல்லது என்று சொல்வார்கள், கட்டாயம் இல்லை. வருஷத்துக்கும் சேர்த்து ஜனவரியில் கட்டி அட்டையில் கையெழுத்து வாங்கிவிடுவது சுலபம்.

கட்டமுடியாத வருஷம் வந்தால் ஒளியாதீர்கள், பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லுங்கள். ஏழ்மையைக் காரணம் காட்டி யாருக்கும் அருளடையாளங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை போன்றவை) கிடைக்காமல் போகக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது, எண் 848. பாக்கியைச் சொல்லி ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவதாக யாராவது பேசினால், நேராகச் சாமியாரிடம் போங்கள். நடுவில் இருப்பவர்கள் சொல்வதெல்லாம் பங்கின் முடிவு ஆகாது.

5. முதலில் நேரத்தைக் கொடுங்கள்

புதிதாக வந்தவர் வந்ததும் பெரிய தொகை நீட்டினால் இங்கே இரண்டு விதமாகப் பார்ப்பார்கள்: பங்குப் பேரவையில் (மக்கள் பிரதிநிதிகள் குழுவில்) இடம் பிடிக்கப் பார்க்கிறார், அல்லது ஏமாளி. நேரத்தைக் கொடுத்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

என்ன செய்யலாம்? மறைக்கல்வி ஆசிரியருக்கு எப்போதும் ஆள் தேவை, ஞாயிறு ஒரு மணி நேரம். பாடகர் குழு, வாசகம் வாசிப்பது, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையோடு வீடு சந்திப்பது, மரியாயின் சேனை என்கிற பக்திச் சபை. கணினி தெரிந்தால் பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கலாம். வங்கி, கணக்கு தெரிந்தவர்களை நிதிக்குழுவுக்குத் தேடுவார்கள். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம், எண் 537. மீனவத் திட்டங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் பெரிய உதவி. எங்கள் அன்பியத்தில் மாதம் நான்கைந்து படிவம் என்னிடம் வரும்.

கடல் நாள்களை அறிந்துகொண்டு கூட்டம் வையுங்கள். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பும் வழக்கம். சனிக்கிழமை போனவர் ஞாயிறு காலைதான் கரை ஏறுவார், மீனைப் போட்டுவிட்டு வலையைப் பார்த்துவிட்டுத் தூங்குவார். ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு "ஆம்பிளைங்க யாருமே வரலையே" என்று நான் ஒருமுறை சலித்துக்கொண்டேன். ஒரு பாட்டி சிரித்தே விட்டார். ஞாயிறு மாலை ஆறரைதான் சரியான நேரம்.

கடலைப் பார்த்துக்கொள்வதும் இந்தப் பொறுப்பில் அடக்கம்தான். மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் போவது, இரும்புச் சுரண்டி எடுத்துப் போவதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். படைப்பைப் பேணுவது பற்றி இளைஞர் குழுவுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னால், வெளியூரிலிருந்து பேச்சாளரைத் தேடாமல் அப்படி ஓர் அக்காவை அழையுங்கள்.

6. பணம்: எந்தப் பெட்டி, எந்த மாதம், எந்த ரசீது

என் தவறைச் சொல்லிவிடுகிறேன். கோயில் ஒலிபெருக்கி கரகரவென்று இருக்கிறதே என்று ஐயாயிரம் ரூபாயை ஓர் உறையில் போட்டு, விழாக் குழுவில் இருந்த ஒருவரிடம் "மைக் செட்டுக்கு" என்று கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சம். அந்தத் திருவிழாவில் வாணவேடிக்கை பிரமாதமாக இருந்தது. மைக் இன்றும் கரகரக்கிறது. அவர் தன் பைக்கு எடுத்துக்கொள்ளவில்லை, விழாச் செலவில் சேர்த்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் என்னிடம் காட்ட ஒன்றுமில்லாததால் வாயைத் திறக்க முடியவில்லை.

குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். சட்ட எண் 1267. அதனால் கொடுக்கும்போதே ரசீதில் "ஒலிபெருக்கிக்காக" என்று எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் பங்கின் வங்கிக் கணக்கில் போட்டுக் குறிப்பில் காரியத்தை எழுதுங்கள். தனி ஆள் கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பவே வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

ஞாயிறு காணிக்கை எல்லாமே பங்கில் தங்கிவிடாது. புனித வெள்ளிக் காணிக்கை எருசலேம் பக்கத்துத் திருத்தலங்களுக்கு, அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு காணிக்கை உலக மறைபணிக்கு, தவக்கால உண்டியல் பிறரன்புப் பணிக்கு. பங்குக்குக் கொடுக்க நினைத்த தொகையை அந்த ஞாயிறுகளில் போட்டுவிட்டு "கோயிலுக்குத்தானே கொடுத்தேன்" என்று சொல்லாதீர்கள். ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்தில் நேர்ச்சை செலுத்தினால் அது அந்தத் திருத்தலத்துக்கு, உங்கள் பங்கு வரியில் கழியாது. சிரிக்காதீர்கள், கழிக்கச் சொன்ன ஆளை எனக்குத் தெரியும்.

எப்போது கொடுப்பது என்பது இங்கே முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு குடும்பங்களில் அப்போது வருமானம் நின்றுபோகும். அரசு நிவாரணம் ரூ.8,000, அதுவும் வருகிற நாளில்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகும் கரையில். இந்த மாதங்களில் பங்கின் வரவு வற்றிவிடும், மின்கட்டணம் வற்றாது. மாதச் சம்பளக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி, திருவிழாவுக்குக் கொடுக்கும் தொகையைப் பாதியாக்கி மீதியை மே மாதத்துக்கு நகர்த்துவது. மே மாதத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வருகிறது. வின்சென்ட் தே பவுல் சபையிடம் கொடுத்தால் யார் வீட்டில் உண்மையில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். வசூல் குழுவில் உங்களைப் போட்டால், தடைக்காலத்தில் வீடு வீடாக நோட்டைத் தூக்கிக்கொண்டு போக மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஏலம் பற்றி ஒரு வார்த்தை. பூசை முடிந்ததும் காணிக்கையாக வந்த பொருள்களை வாசலில் ஏலம் விடுவார்கள். கோழி, பூசணி, தேங்காய்க் குலை, முதல் தடவை வலை வீசியதில் கிடைத்த மீன். ஒரு ஞாயிறு பாரை மீன் ஒன்று, மூன்று கிலோ இருக்கும், மண் ஒட்டிய செவுளோடு ஓலைப்பாயில் கிடந்தது. கடையில் ஆயிரத்துக்குக் கீழே வரும். சும்மா உற்சாகப்படுத்தலாம் என்று "ஆயிரத்து ஐந்நூறு" என்றேன். ஒருவர் ஏற்றினார், நான் ஏற்றினேன், அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து நிறுத்திக்கொண்டார். இரண்டாயிரத்து நூறுக்கு மீன் என் தலையில். அது போகட்டும், அதை வெட்டத் தெரியாமல் அன்பியத்து அக்கா வீட்டுக்கே கொண்டுபோனேன், குழம்பு அங்கேயே கொதித்தது. ஏலத்தில் வாய் கொடுத்தால் அன்றே கட்டுங்கள். பெயரோடு பாக்கி வாசிப்பார்கள்.

கோயில் காணிக்கைக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள். ரசீதில் நன்கொடை வரிக் கழிவுக்கான அனுமதி எண் (80ஜி என்பார்கள்) அச்சாகியிருந்தால்தான் பேச்சு. அப்போதும் ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது.

7. வெளிநாட்டு உறவினர் பணம்

இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாடுகளில் இருப்பார், சிலருக்கு இலங்கையின் மன்னாரிலும் உறவு உண்டு. "தேர் செய்ய நான் அனுப்புறேன்" என்று அவர்கள் சொல்லும்போது கவனம். இந்தியக் குடிமகனாக வெளிநாட்டில் வேலை செய்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. கனடா, இலங்கை என்று வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர் தந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. இங்கே வந்து ரூபாய் நோட்டாகக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான். அதைப் பெற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும், பணம் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். உங்கள் கணக்கில் வாங்கிக் கோயிலுக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை வேண்டாம். பங்குத்தந்தையிடம் சொன்னால் மறைமாவட்ட நிர்வாகத்தில் கேட்டுச் சொல்வார்.

8. பூசைக் கருத்து

யாருக்காகப் பூசை வைக்கச் சொல்கிறோமோ அதுதான் பூசைக் கருத்து. அலுவலக நோட்டில் பெயர், இறந்தவரா உயிரோடிருப்பவரா, தேதி, எந்தப் பூசை என்று தெளிவாக எழுதுங்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்கு அக்டோபர் முதல் வாரமே நிரம்பிவிடும். ஒரே பூசையில் பல கருத்துகளைச் சேர்ப்பதாக இருந்தால் அது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், தனியாக வேண்டுமென்றால் சொல்லுங்கள். காணிக்கை கொடுக்க வசதியில்லாதவரின் கருத்துக்கும் பூசை வைக்கும்படி குருக்களுக்குத் திருச்சபைச் சட்டமே பரிந்துரைக்கிறது.

9. கணக்குக் கேட்பது

கேட்கலாம். மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று சட்ட எண் 1287 இருக்கிறது. ஆனால் கேட்கிற இடமும் விதமும் உண்டு. பூசை முடிந்து வாசலில் நின்று சத்தமாகக் கேட்டால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் "வந்தான் வரத்தான்" பேச்சுத்தான் மிஞ்சும். அன்பியக் கூட்டத்தில் சொல்லி, அன்பியப் பிரதிநிதி வழியாகப் பங்குப் பேரவைக்குக் கொண்டுபோங்கள். எங்கள் அன்பியம் அப்படிக் கேட்டு, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. முதல் தாளில் வாணவேடிக்கைக்கு எதிரே என் ஐயாயிரமும் இருந்தது.

10. மாற்றலாகிப் போகும்போது

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வரிப் பாக்கியைத் தீர்த்து மாற்றுக் கடிதம் வாங்குங்கள். பிள்ளையின் மறைக்கல்வி மதிப்பெண் சீட்டையும் கேட்டு வாங்குங்கள், அடுத்த பங்கில் எந்த வகுப்பில் சேர்ப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். உங்களிடம் இருக்கும் கோயில் சாமான்களை, முக்கியமாகச் சாவிகளை, திருப்பிக் கொடுங்கள். எனக்கு முன்னால் பாடகர் குழுவில் இருந்தவர் அலமாரிச் சாவியோடு கோயம்புத்தூர் போய்விட்டார். ஆர்மோனியம் மூன்று மாதம் உள்ளேயே கிடந்தது.